பொத்தானா, பெட்டியா? பழைய டீசல் டிரக்குகளின் க்ளோ பிளக் கதை

பெட்ரோல் வண்டிக்காரருக்குக் காலையில் ஒரே வேலைதான். சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடும். பழைய டீசல் வண்டிக்காரருக்கு அப்படி இல்லை. சாவியைப் பாதி திருப்பி, டேஷ்போர்டில் எரியும் சின்ன விளக்கு அணையும் வரை பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தச் சில விநாடிகளில் இன்ஜினுக்குள் பென்சில் முனை அளவுள்ள ஓர் உலோகக் குச்சி பழுக்கக் காய்ந்துகொண்டிருக்கும். அதன் பெயர் க்ளோ பிளக். தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புகளில் இதையே ஹீட்டர் பிளக் என்பார்கள்.

இந்தக் குச்சி எத்தனை விநாடி காய வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? டிரைவரா, அல்லது ஒரு தானியங்கிப் பெட்டியா? கேட்பதற்கு மிகச் சின்னக் கேள்வி. ஆனால் 1980களில் அமெரிக்காவில் விற்ற டீசல் பிக்கப் டிரக்குகளை வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்வியால் இன்று வரை இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். கம்பெனி பொருத்திக் கொடுத்த தானியங்கி கண்ட்ரோலரைக் கழற்றிவிட்டு, காலிங் பெல் பொத்தான் மாதிரி ஒன்றை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டவர்கள் ஏராளம். வசதி வந்த பிறகு மனிதர்கள் பழைய முறைக்கே திரும்பிப் போவது அபூர்வம். இங்கே ஏன் அப்படி நடந்தது? அதற்கு முதலில் டீசல் இன்ஜினின் குளிர் ஜுரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

டீசலுக்கு ஏன் சூடு போட வேண்டும்?

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் பொறி தட்டி எரிபொருளைப் பற்ற வைக்கும். டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. 1890களில் ருடால்ஃப் டீசல் கண்டுபிடித்த முறையில் காற்றை மிக அழுத்தமாக நெருக்கினாலே போதும், அது சூடாகிவிடும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு இது புரியும். பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடும். டீசல் இன்ஜின் காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்குகிறது. சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த நேரம் பார்த்து டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும்.

ஆனால் இன்ஜின் இரவெல்லாம் பனியில் நின்றிருந்தால்? சிலிண்டர் சுவர்கள் பனிக்கட்டி மாதிரி இருக்கும். காற்றை நெருக்கும்போதே அதன் சூட்டைச் சுவர்கள் உறிஞ்சிவிடும். குளிரில் ஆயில் கெட்டியாகும், பேட்டரியின் பலமும் குறையும், அதனால் ஸ்டார்ட்டர் மோட்டார் மெதுவாகவே சுற்றும். மெதுவாகச் சுற்றினால் சூடு வெளியேற இன்னும் அதிக நேரம் கிடைக்கும். டீசல் எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியே வரும்.

எல்லா டீசல் இன்ஜினும் இதில் ஒரே மாதிரி கஷ்டப்படுவதில்லை. 1909-ல் ஜெர்மனியின் பென்ஸ் கம்பெனியில் ப்ராஸ்பர் லொராஞ்ச் என்ற பொறியாளர் முன் அறை என்ற முறைக்குக் காப்புரிமை பெற்றார். டீசலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சாமல், பக்கத்தில் உள்ள ஒரு குட்டி அறைக்குள் பீய்ச்சுவது. தீ அங்கே தொடங்கி சிலிண்டருக்குள் பாயும். சத்தம் குறையும், பம்பின் அழுத்தமும் குறைவாகப் போதும். சின்ன இன்ஜின்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். ஆனால் ஒரு குறை. குட்டி அறை என்றால் கூடுதல் சுவர், கூடுதல் சுவர் என்றால் கூடுதல் சூடு இழப்பு. ஆகவே முன் அறை வைத்த இன்ஜினுக்குக் காலையில் யாராவது அடுப்பு மூட்டியே ஆக வேண்டும். க்ளோ பிளக் அந்த அடுப்புதான். குட்டி அறைக்குள் நீட்டிக்கொண்டு, பேட்டரி மின்சாரத்தில் சிவக்கும்.

இழுக்கும் குமிழும் சிவக்கும் கம்பியும்

ஆரம்ப காலத்தில் எல்லாமே டிரைவர் கையில்தான் இருந்தது. 1936-ல் வந்த மெர்சிடிஸ் 260 டி, உற்பத்திக்கு வந்த முதல் டீசல் கார்களில் ஒன்று. போருக்குப் பிறகு 1949-ல் 170 டி, 1954-ல் 180 டி என்று வரிசையாக வந்து ஐரோப்பாவின் டாக்சி ஸ்டாண்டுகளை நிரப்பின. போருக்குப் பின் வந்த இந்த மெர்சிடிஸ் டீசல் கார்களில் 1970கள் வரை டேஷ்போர்டில் ஓர் இழுக்கும் குமிழ் இருந்தது. அதைப் பாதி இழுத்தால் பிளக்குகளுக்கு மின்சாரம் போகும். முழுவதும் இழுத்தால் ஸ்டார்ட்டர் சுற்றும்.

பாதியில் எவ்வளவு நேரம் பிடித்திருப்பது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். டேஷ்போர்டில் ஒரு சின்னத் துளைக்குப் பின்னால் ஒரு கம்பிச் சுருள். அதுவும் பிளக்குகளும் ஒரே வரிசையில், திருவிழா சீரியல் பல்பு மாதிரி கோர்க்கப்பட்டிருக்கும். இன்ஜினுக்குள் பிளக் சிவக்கும்போது டிரைவரின் கண்முன்னே இந்தச் சுருளும் சிவக்கும். குளிர்காலத்தில் அரை நிமிடம், சில சமயம் ஒரு நிமிடம் கூட ஆகும். ஜெர்மானியர்கள் இந்தக் காத்திருப்புக்கு 'ருடால்ஃப் டீசல் நினைவு நிமிடம்' என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். மறைந்த கண்டுபிடிப்பாளருக்கு மௌன அஞ்சலி!

இந்த முறையில் தொல்லைகள் உண்டு. சீரியல் பல்பு மாதிரிதான், ஒரு பிளக் அறுந்தால் மொத்தமும் செத்துவிடும். ஆனால் இதில் ஒரு பெரிய நல்ல குணமும் இருந்தது. அந்தக் கம்பிச் சுருள் பொய் சொல்லாது. அதன் வழியாக ஓடும் அதே மின்சாரம்தான் பிளக்குகளின் வழியாகவும் ஓடுகிறது. பிளக் அறுந்திருந்தால் சுருள் சிவக்காது. ஒரு பிளக் ஷார்ட் ஆகியிருந்தால் சுருள் வழக்கத்தைவிடச் சீக்கிரம், அதிகமாகச் சிவக்கும். டிரைவர் பார்த்தவுடனே கோளாறைத் தெரிந்துகொள்வார். இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த பெட்டிகளில் காணாமல் போனது இதுதான்.

அமெரிக்காவுக்கு டீசல் ஆசை வந்த காலம்

1973-ல் எண்ணெய் நெருக்கடி. 1975-ல் அமெரிக்க அரசு வாகனங்களின் மைலேஜுக்குச் சட்டம் கொண்டுவந்தது. 1979-ல் ஈரான் புரட்சியால் மறுபடியும் விலையேற்றம். அதுவரை டீசலை லாரி சமாச்சாரமாகவே பார்த்த அமெரிக்கக் கம்பெனிகள் காருக்கும் பிக்கப் டிரக்குக்கும் டீசல் இன்ஜின் செய்யத் தொடங்கின. (அமெரிக்காவில் டிரக் என்றால் பெரும்பாலும் லாரி அல்ல. பின்னால் திறந்த தொட்டி வைத்த பிக்கப் வண்டியைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். விவசாயி, கட்டட வேலைக்காரர், குதிரை வளர்ப்பவர் என்று எல்லார் வீட்டிலும் ஒன்று நிற்கும்.)

ஜெனரல் மோட்டார்ஸ் 1978-ல் ஓல்ட்ஸ்மொபைல் 5.7 லிட்டர் டீசலைக் கொண்டுவந்தது. அந்த இன்ஜின் பல கோளாறுகளால் பெயரைக் கெடுத்துக்கொண்டு 1985-ல் நின்றுபோனது. ஆனால் 1982 மாடலாக டிரக்குகளுக்கென்றே வந்த 6.2 லிட்டர் வி8 நன்றாக ஓடியது. ஃபோர்டு தன் பங்குக்கு இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியிடம் 6.9 லிட்டர் வி8 இன்ஜினை வாங்கி, 1983 மாடல் எஃப்-250, எஃப்-350 டிரக்குகளில் போட்டது. 1988-ல் அதுவே 7.3 லிட்டராக வளர்ந்து 1994 வரை வந்தது. இவை எல்லாமே குட்டி அறை வைத்த இன்ஜின்கள். எட்டு சிலிண்டர், எட்டு பிளக்.

இங்கேதான் சிக்கல். இந்த டிரக்குகளை வாங்கியவர்களில் பலர் அதுவரை பெட்ரோல் வண்டி ஓட்டியவர்கள். சாவியைத் திருப்பியவுடன் கிளம்பிப் பழகியவர்கள். அவர்களிடம் ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துங்கள் என்று சொல்ல முடியுமா? ஷோரூமிலேயே வியாபாரம் படுத்துவிடும். அதுமட்டுமல்ல, புதிதாகப் பழகுபவர் கையில் சுவிட்சைக் கொடுத்தால் அதிக நேரம் அழுத்தி பிளக்கை எரித்துவிடுவார். வாரண்டி காலத்தில் அந்த நஷ்டம் கம்பெனி தலையில். ஆகவே இரண்டு முடிவுகள் எடுத்தார்கள். ஒன்று, பிளக் சீக்கிரம் சூடாக வேண்டும். இரண்டு, நேரத்தை மனிதன் அல்ல, பெட்டி பார்த்துக்கொள்ளும்.

பெட்டி எப்படி வேலை செய்தது?

முதல் முடிவைச் செயல்படுத்திய விதம் சுவாரசியமானது. ஜெனரல் மோட்டார்ஸ் 12 வோல்ட் வண்டியில் 6 வோல்ட் அளவுக்குச் செய்த பிளக்கைப் போட்டது! இரண்டு மடங்கு மின்னழுத்தம் கிடைத்தால் பிளக் சில விநாடிகளில் சிவந்துவிடும். ஆனால் அப்படியே விட்டால் இன்னும் சில விநாடிகளில் எரிந்தும் போகும். ஆகவே ஒரு கண்ட்ரோலர் இடையில் உட்கார்ந்து மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுத்தது. முதலில் நீளமாக ஒரு தடவை. விளக்கு அணையும். வண்டி கிளம்பும். அதன் பிறகும் கொஞ்ச நேரம் டக்... டக்... என்று ரிலே போட்டு அணைக்கும். டேஷ்போர்டு விளக்குகள் ஒவ்வொரு டக்குக்கும் மங்கிப் பிரகாசமாகும். கிளம்பிய பிறகும் சூடு கொடுப்பதால் இன்ஜின் தடுமாறாது, வெள்ளைப் புகையும் குறையும்.

ஆரம்பத்தில் இந்த கண்ட்ரோலர் இஸ்திரிப் பெட்டியில் இருப்பது போன்ற இரட்டை உலோகத் தகட்டை வைத்து வேலை செய்தது. தகடு சூட்டில் வளைந்து மின்சாரத்தை நிறுத்தும். இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால் சீக்கிரமே வளைந்துவிடும். பிறகு மின்னணு கண்ட்ரோலர்கள் வந்தன.

ஃபோர்டு டிரக்குகளில் 1980களின் பிற்பகுதியில் வந்த கண்ட்ரோலர் இன்னும் புத்திசாலித்தனமானது. பள்ளிக்கூட இயற்பியல்தான்: உலோகம் சூடானால் அதன் மின்தடை கூடும், மின்தடை கூடினால் மின்னோட்டம் குறையும். எட்டு பிளக்குகளுக்கும் போகும் மொத்த மின்சாரத்தையும் வளைந்து வளைந்து போகும் ஓர் உலோகப் பட்டை வழியாக அனுப்பினார்கள். அந்தப் பட்டையின் இரு முனைகளுக்கும் இடையிலான வோல்ட்டேஜைப் பெட்டி அளக்கும். அளவு குறைந்தால் மின்னோட்டம் குறைந்துவிட்டது, அதாவது பிளக்குகள் சூடாகிவிட்டன என்று முடிவு செய்து அணைத்துவிடும். உணர்கருவி எதையும் பிளக்குக்குள் வைக்காமலே அதன் சூட்டைக் கணிக்கும் தந்திரம். எட்டு பிளக்கும் நல்ல நிலையில் இருக்கும்வரை அருமையாக வேலை செய்தது.

பெட்டி ஏமாந்த இடம்

ஆனால் பிளக் என்பது தேய்ந்து தீரும் பொருள். சில வருடங்களில் எட்டில் ஒன்று அறுந்துபோகும். பிறகு இன்னொன்று. இப்போது பெட்டிக்கு என்ன தெரியும்?

எட்டில் இரண்டு அறுந்தால் மின்னோட்டம் தொடக்கத்திலேயே கால் பங்கு குறைவாக இருக்கும். பெட்டிக்குத் தெரிந்தது ஒரே பாடம்: மின்னோட்டம் குறைந்தால் பிளக் சூடு. அது அந்தப் பாடத்தை ஒப்பித்துவிட்டு, குளிர்ந்து கிடக்கும் மற்ற ஆறு பிளக்குகளையும் அரைச் சூட்டிலேயே அணைத்துவிடும். விளக்கும் சமர்த்தாக அணையும். டிரைவர் நம்பிக்கையோடு ஸ்டார்ட் செய்வார். இன்ஜின் இருமும், புகையும், நிற்கும். மறுபடி சாவி, மறுபடி டக் டக், மறுபடி ஸ்டார்ட்டர். கடைசியில் பேட்டரியும் காலி.

செத்த பிளக்குக்கும் சூடான பிளக்குக்கும் அந்தப் பெட்டிக்கு வித்தியாசம் தெரியவில்லை. கதையின் மையம் இதுதான். பழைய மெர்சிடிஸின் கம்பிச் சுருள் டிரைவரிடம் உண்மையைக் காட்டியது. புதிய விளக்கு, பெட்டி என்ன நினைத்ததோ அதைக் காட்டியது. பெட்டி ஏமாந்தால் டிரைவரும் ஏமாந்தார்.

இதே மாதிரி ஏமாற்றம் ராணுவத்திலும் நடந்தது. அமெரிக்க ராணுவம் 1980களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸின் 6.2 டீசல் பிக்கப்பையும் பிளேசரையும் பச்சை வண்ணம் அடித்து எம்1008, எம்1009 என்ற பெயர்களில் சேர்த்துக்கொண்டது. ராணுவ வண்டிகளுக்கு 24 வோல்ட்தான் வழக்கம். ஆகவே இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாகக் கோர்த்து ஸ்டார்ட்டருக்கு 24 வோல்ட் கொடுத்தார்கள். பிளக்குகளுக்கு அது தாங்காதே? இடையில் பெரிய மின்தடைகளைப் பொருத்தி 12 வோல்ட்டாகக் குறைத்தார்கள்.

கணக்கு சரிதான், எட்டு பிளக்கும் உயிரோடு இருக்கும்வரை. மின்தடை எவ்வளவு வோல்ட்டைக் குறைக்கும் என்பது அதன் வழியாக எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு பிளக் செத்தால் மின்னோட்டம் குறையும், மின்தடை குறைவாகவே தடுக்கும், மீதி ஏழு பிளக்குகளுக்குக் கூடுதல் வோல்ட்டேஜ் போகும். அதில் பலவீனமான ஒன்று சாகும். மீதி ஆறுக்கு இன்னும் அதிகம். சீட்டுக்கட்டு வீடு மாதிரி வரிசையாகச் சரியும். போதாக்குறைக்கு ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் அணைக்கவே முடியாது. எட்டும் ஒரே நாளில் எரியும். பின்னாளில் இந்த வண்டிகளை ராணுவ ஏலத்தில் எடுத்த பொதுமக்கள் பலர் முதலில் செய்த வேலை, அந்த மின்தடைகளைத் தவிர்த்து ஒரே பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் எடுத்ததுதான்.

பொத்தான் திரும்பி வந்தது

தானியங்கி கெட்டுப்போன வண்டியைக் கையில் வைத்திருப்பவருக்கு இரண்டு வழிகள். புது கண்ட்ரோலர் வாங்கலாம். அல்லது சில டாலர் கொடுத்து ஒரு பொத்தான் வாங்கலாம். பலர் இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார்கள்.

வேலை எளிமையானது. எட்டு பிளக்குகளும் சேர்ந்து 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவு மின்சாரத்தை டேஷ்போர்டு பொத்தான் வழியாக விட்டால் ஒயரே உருகிவிடும். ஆகவே கனமான ரிலே இன்ஜின் பக்கத்திலேயே இருக்கும். பொத்தான் அந்த ரிலேக்கு உத்தரவு மட்டும் கொடுக்கும். பொத்தானும் அழுத்தினால் வேலை செய்து, விரலை எடுத்தால் நின்றுவிடும் வகையாகத்தான் இருக்க வேண்டும். மின்விசிறி சுவிட்ச் மாதிரி போட்டுவிட்டு மறந்துபோகும் வகை கூடவே கூடாது. அனுபவசாலிகள் ரிலேயின் வெளிப்பக்கத்திலிருந்து ஒரு சின்ன விளக்கையும் இழுத்து வைப்பார்கள். விரலை எடுத்த பிறகும் அது எரிந்தால் ரிலே ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். உடனே பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும்.

பிறகு எல்லாம் மனக்கணக்குதான். குளிர் நாளில் எட்டு, பத்து விநாடி எண்ணுவது. வெயில் நாளில் குறைவாக. இன்ஜின் சூடாக இருந்தால் தேவையே இல்லை. ஸ்டார்ட் ஆன பிறகு தடுமாறினால் இன்னும் ஓரிரு விநாடி தொட்டுக் கொடுப்பது. டிரைவர் காதால் கேட்டு, புகையைப் பார்த்து முடிவு செய்கிறார். பெட்டிக்கு இல்லாத காதும் கண்ணும் அவருக்கு இருக்கின்றன.

பொத்தானுக்கும் ஒரு விலை உண்டு

அப்படியென்றால் பொத்தான்தான் சிறந்ததா? அவசரப்பட வேண்டாம்.

பன்னிரண்டு வோல்ட்டை நேராக வாங்கும் அந்த வகைப் பிளக்கை இருபது, முப்பது விநாடி அழுத்திப் பிடித்தால் அதன் முனை வீங்கும். வீங்கிய பிளக் திருகிய துளை வழியாக வெளியே வராது. வலுக்கட்டாயமாக இழுத்தால் முனை ஒடிந்து உள்ளே விழும். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஓர் உலோகத் துண்டு! சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டிய வேலை. சில டாலர் மிச்சம் பிடிக்கப் போய் இன்ஜின் வேலை வைத்துக்கொள்வது.

இன்னொரு ஆபத்து, வண்டியை வேறு ஒருவர் எடுக்கும்போது. சொந்தக்காரருக்கு எண்ணத் தெரியும். வண்டியை இரவல் வாங்கிய மச்சானுக்குத் தெரியுமா? வேலைக்கு வந்த பையனுக்குத் தெரியுமா? தெரியாதவர் பொத்தானைத் தொடாமலே ஸ்டார்ட்டரைச் சுற்றுவார், அல்லது பொத்தானை விடாமல் பிடித்திருப்பார். தெரிந்த தலையோடு வீட்டில் தங்கிவிடும் அறிவு வண்டியோடு பயணம் செய்வதில்லை.

மூன்றாவது ஆபத்து ஈதர் ஸ்ப்ரே. ஸ்டார்ட் ஆகாத டீசலின் காற்று வழியில் ஈதரை அடிப்பது பழைய வழக்கம். மிக எளிதில் பற்றும் பொருள் அது. க்ளோ பிளக் உள்ள இன்ஜினில் சிவந்த முனை மேல் ஈதர் பட்டால் நேரம் கெட்ட நேரத்தில் வெடிக்கும். பிஸ்டன் வளையம் உடையும், காற்றுக்குழாய் தீப்பிடிக்கும். அதனால்தான் இந்த இன்ஜின்களுக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது என்று எச்சரிப்பார்கள். பெட்டியை நம்பாதவருக்கு, அது எந்த நேரத்தில் பிளக்கைச் சூடாக்கும் என்பதும் தெரியாது. அந்த நிலையில் ஈதர் டப்பாவைக் கையில் எடுப்பது மிக மோசமான சேர்க்கை.

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பெட்டியைத் தூக்கி எறிந்தவர்களில் பலருடைய வண்டிகளில் பெட்டி நன்றாகவே இருந்திருக்கும், பிளக்குகள்தான் செத்திருக்கும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் ஒரு டெஸ்ட் விளக்கின் ஒரு முனையை மாட்டி, இன்னொரு முனையால் ஒயரைக் கழற்றிய பிளக்கைத் தொட்டால் போதும். விளக்கு எரிந்தால் பிளக் உயிரோடு இருக்கிறது. எட்டையும் சோதித்து, செத்ததை மாற்றினால் பல பெட்டிகள் மறுபடி ஒழுங்காக வேலை செய்யும். பொத்தான் போட்டதும் 'சரியானது' போலத் தோன்றியதற்குக் காரணம், மனிதர் மீதமுள்ள பிளக்குகளைக் கொஞ்சம் கூடுதல் நேரம் அழுத்திப் பிடித்ததுதான். நோய் அப்படியே இருக்க, காய்ச்சல் மட்டும் தணிந்தது.

முதல் சொந்தக்காரரும் மூன்றாவது சொந்தக்காரரும்

கொஞ்சம் கணக்குப் பிள்ளையின் கண்ணால் இதைப் பார்த்தால் சண்டை ஏன் தீரவில்லை என்பது புரியும்.

கம்பெனி பெட்டியை யாருக்காகச் செய்தது? புது வண்டி வாங்கும் முதல் சொந்தக்காரருக்காக. அவருக்கு எட்டு பிளக்கும் புதிது, ஒயரிங் புதிது, வாரண்டி உண்டு. அவருக்குத் தேவை வசதி. கம்பெனிக்குத் தேவை வாரண்டி செலவு குறைவது. இரண்டுக்கும் தானியங்கியே சரியான பதில்.

பொத்தானை வைத்தவர் யார்? பதினைந்து, இருபது வருடம் கழித்து அதே வண்டியை மலிவாக வாங்கிய மூன்றாவது சொந்தக்காரர். ஒயர்கள் துருப்பிடித்திருக்கும். பிளக்குகள் ஒன்று புதிது, ஒன்று பழசு. வாரண்டி எப்போதோ முடிந்த கதை. அவருக்குத் தேவை வசதி அல்ல. எது கெட்டது என்று உடனே தெரிய வேண்டும், கையாலேயே சரிசெய்ய முடிய வேண்டும். பொத்தான், ரிலே, பிளக் என்று மூன்றே பொருள். இருட்டில் தடவிக்கூடக் கோளாறு கண்டுபிடிக்கலாம்.

ஆக, இரண்டு பேரும் தங்கள் நிலையில் சரியாகவே முடிவு செய்தார்கள். ஒரே வண்டி, ஆனால் அதன் ஆயுளின் இரண்டு வெவ்வேறு காலங்கள். ஒரு பொருளின் முழு ஆயுளுக்கும் யார் பொறுப்பு என்ற கேள்வியை, அதை விற்கும் நாளில் யாரும் கேட்பதில்லை.

கடைசியில் பிளக்கே கற்றுக்கொண்டது

சண்டையைத் தீர்த்து வைத்தது பொத்தானும் அல்ல, பெட்டியும் அல்ல. பிளக்கேதான்!

ஜெர்மனியின் பாஷ், பெரு போன்ற கம்பெனிகள் ஒரே பிளக்குக்குள் இரண்டு சுருள்களை வைத்தன. முனையில் இருப்பது சூடு கொடுக்கும் சுருள். அதன் பின்னால் இருப்பது கட்டுப்படுத்தும் சுருள். அது சூடாக ஆக அதன் மின்தடை பல மடங்கு கூடும். குளிராக இருக்கும்போது மின்சாரம் தாராளமாகப் பாய்ந்து சில விநாடிகளில் முனை 850 டிகிரியை எட்டும். பிறகு பின் சுருள் தானாகவே மின்சாரத்தை இறுக்கிப் பிடிக்கும். நிமிடக் கணக்கில் போட்டு வைத்தாலும் எரியாது. ஜப்பானில் 1980களிலேயே பீங்கான் வகைப் பிளக்குகளும் வந்தன. 6.2 இன்ஜினுக்கும் இப்படித் தன்னைத் தானே கட்டுப்படுத்தும் பிளக்குகள் பின்னால் கிடைத்தன. அவற்றைப் போட்டவருக்குப் பொத்தானைக் கூடுதலாக அழுத்திவிடுவோமோ என்ற பயம் பெருமளவு குறைந்தது.

வேறொரு பாதையும் இருந்தது. 1989-ல் டாட்ஜ் டிரக்குகளில் வந்த கம்மின்ஸ் 5.9 இன்ஜினில் குட்டி அறையே இல்லை. டீசல் நேராக சிலிண்டருக்குள். சூடு இழப்பு குறைவு என்பதால் க்ளோ பிளக்கே தேவைப்படவில்லை. உள்ளே போகும் காற்றைச் சூடாக்க ஒரு ஹீட்டர் மட்டும் போதுமானது. சண்டைக்குக் காரணமான பொருளையே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

ஃபோர்டு 1994-ல் கொண்டுவந்த பவர் ஸ்ட்ரோக் இன்ஜினில் க்ளோ பிளக் தொடர்ந்தது, ஆனால் கம்ப்யூட்டர் கையில். ஆயிலின் சூடு எவ்வளவு, வண்டி நிற்கும் இடத்தின் காற்றழுத்தம் எவ்வளவு என்று பார்த்து இரண்டு நிமிடம் வரை பிளக்கைச் சூடாக வைத்திருக்கும். அதற்குப் பின் வந்த தலைமுறையில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனியாக மின்சாரம் போகிறது. எது செத்தது என்பதை எண்ணோடு சொல்லிவிடும். வேடிக்கை என்னவென்றால், இந்த நவீன பிளக்குகளில் பல மறுபடியும் குறைந்த வோல்ட் வகைதான். முதலில் முழு மின்னழுத்தத்தைக் கொடுத்து, சிவந்தவுடன் விட்டு விட்டுக் கொடுப்பது. 1980களில் ஜெனரல் மோட்டார்ஸ் செய்த அதே யோசனை!

அப்படியென்றால் அன்று தோற்றது யோசனை அல்ல. எட்டு பிளக்குகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மூட்டையின் எடையை மட்டும் பார்த்து உள்ளே இருப்பதை ஊகித்த பெட்டிதான் தோற்றது. தனித்தனியாகப் பார்க்கத் தெரிந்தவுடன் அதே யோசனை ஜெயித்துவிட்டது.

ஒரு வேலையை மனிதரிடமிருந்து இயந்திரத்துக்கு மாற்றும்போது, அந்த மனிதர் எதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாரோ அதையெல்லாம் இயந்திரமும் பார்க்கிறதா என்று கேட்க வேண்டும். மெர்சிடிஸ் டாக்சி டிரைவர் சிவக்கும் கம்பியைப் பார்த்தார். அந்தக் கம்பிக்கு ஈடாக எதையும் வைக்காமல் அவருடைய வேலையை மட்டும் எடுத்துக்கொண்டதால், இருபது வருடம் கழித்து வேறொரு நாட்டில், வேறொரு டிரைவர் டேஷ்போர்டில் துளை போட்டு ஒரு பொத்தானைப் பொருத்த வேண்டியதாயிற்று.